அத்தியாயம் 6: முதல் பாட்டிலுக்கு முன் இரண்டு சாம்பிள் – வார்டில் ஆஸ்மோலாலிட்டி பரிசோதனை

நான் முதுநிலை மாணவனாகச் சேர்ந்த முதல் ஆண்டு. இரவுப் பணி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்து வந்தார்கள், வயது 61. மூன்று வாரமாக இருமல், இரண்டு நாளாகத் தடுமாற்றம். பக்கத்தில் நிற்கும் மகளை மனைவியின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். லேபிலிருந்து வந்த சோடியம் 118. உப்பு குறைந்திருக்கிறது, உப்பை ஏற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நார்மல் சலைன் ஒரு லிட்டர், அது முடிந்ததும் இன்னொரு லிட்டர். காலையில் சோடியம் 114. ரவுண்ட்ஸ் வந்த பேராசிரியர் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யூரின் சாம்பிள் எங்கப்பா?"

நான் எடுக்கவே இல்லை. அன்று காலை எடுத்து அனுப்பிய சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி 600. அந்த ஓர் எண் முதல் நாள் இரவே கையில் இருந்திருந்தால் அந்த இரண்டு லிட்டரையும் நான் ஏற்றியிருக்க மாட்டேன். ஏன் என்பதை இந்த அத்தியாயத்தின் நடுவில் கணக்குப் போட்டே பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஆஸ்மோலாலிட்டி தனியாக வந்தால் ஊமை எண். இன்னோர் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அது பேசும். அளந்ததைக் கணக்கிட்டதோடும், இரத்தத்தைச் சிறுநீரோடும், காலையை மாலையோடும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். நோயறிதல் இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

எதை அளக்கிறோம்

ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதே ஆஸ்மோலாலிட்டி. துகளின் எடையோ மின்னேற்றமோ கணக்கில் வராது, எண்ணிக்கை மட்டுமே வரும். ஒரு சோடியம் அயனியும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் இங்கே சமம். இரத்த சீரத்தின் இயல்பு அளவு கிலோவுக்கு 275 முதல் 295 மில்லி ஆஸ்மோல். இனி வரும் ஆஸ்மோலாலிட்டி எண்களெல்லாம் இந்த அலகில்தான்.

குல்ஃபி வண்டிக்காரர் ஐஸ் கட்டியோடு கல் உப்பைப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு கரைந்த நீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறைவதில்லை. அதற்கும் கீழே இறங்குகிறது. லேபில் இருக்கும் ஆஸ்மோமீட்டர் அளப்பதும் இதே உறைநிலைத் தாழ்வைத்தான். கிலோ நீரில் ஓர் ஆஸ்மோல் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி செல்சியஸ் குறையும். சீரம் 290 என்றால் அது உறைவது ஏறத்தாழ மைனஸ் 0.54 டிகிரியில். கருவி சில துளி சாம்பிளை உறைநிலைக்கும் கீழே குளிரவைத்து, ஒரு தட்டுத் தட்டி உறையச் செய்து, அப்போது நிலைகொள்ளும் வெப்பநிலையைப் படிக்கிறது. சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும்.

ஆவியழுத்தத்தைக் கொண்டு அளக்கும் கருவிகளும் உண்டு. மெத்தனால், எத்தனால் போன்ற ஆவியாகும் பொருள்களை அவை கணக்கில் எடுப்பதில்லை. விஷச்சாராயம் குடித்தவரின் இரத்தத்தை அதில் வைத்தால் இயல்பு என்றே காட்டும். உங்கள் லேபில் எந்தக் கருவி இருக்கிறது என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். யூரியாவும் ஆல்கஹாலும் செல் சவ்வைத் தாராளமாகக் கடந்து இருபுறமும் சமமாகிவிடும், நீரை இழுக்காது. சோடியமும், இன்சுலின் இல்லாதபோது குளுக்கோஸும், மானிட்டாலும் வெளியிலேயே நின்று செல்லுக்குள் இருக்கும் நீரை இழுக்கும். மூளை சுருங்குவதையும் வீங்குவதையும் தீர்மானிப்பவை இவை. எனவே யூரியாவை விட்டுவிட்டுக் கணக்கிடும் 'செயல்படும் ஆஸ்மோலாலிட்டி' நமக்குத் தனியாகத் தேவைப்படும்.

சாம்பிள் எடுக்கும்போது

1. இரத்தமும் சிறுநீரும் ஒரே நேரத்தில் எடுங்கள். சலைனோ, ஃப்ரூசமைடோ, மானிட்டாலோ கொடுப்பதற்கு முன் எடுங்கள். கொடுத்த பிறகு எடுத்தால் நோயைப் பார்ப்பதற்குப் பதில் நாம் கொடுத்த மருந்தைப் பார்ப்போம்.

2. சோடியம், சர்க்கரை, யூரியா, ஆஸ்மோலாலிட்டி நான்கும் ஒரே குத்தலில் எடுத்த இரத்தத்தில் இருக்கட்டும். காலை சோடியத்தையும் மாலை ஆஸ்மோலாலிட்டியையும் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை.

3. ட்ரிப்ஸ் ஓடும் கையில் எடுக்காதீர்கள்.

4. சீரம் ட்யூப் அல்லது லித்தியம் ஹெபாரின் ட்யூப் போதும். ஈ.டி.டி.ஏ., சிட்ரேட், ஆக்சலேட் உள்ள ட்யூப்கள் வேண்டாம். அவையே துகள்களைச் சேர்த்து எண்ணை ஏற்றிவிடும்.

5. மூடியை இறுக்கி மூடி, உடனே அனுப்புங்கள். திறந்து கிடந்தால் ஆல்கஹால் பறந்துவிடும், நீரும் ஆவியாகும்.

6. சிறுநீருக்கு 24 மணி நேரச் சேகரிப்பு தேவையில்லை. அந்த நேரத்துச் சிறுநீர் சில மில்லி போதும். அதே சாம்பிளில் சோடியம், பொட்டாசியமும் கேளுங்கள்.

ஒரு கணக்கு, ஒரு பொறி

மி.கி. கணக்கில் ரிப்போர்ட் தரும் லேபுகளுக்கான சூத்திரம் இது:

(2 × சோடியம்) + (சர்க்கரை ÷ 18) + (யூரியா ÷ 6)

புத்தகங்களில் கடைசிப் பகுதி 2.8 என்ற எண்ணால் வகுக்கப்பட்டிருக்கும். அது யூரியா நைட்ரஜனுக்கு, அதாவது பி.யு.என்.-க்கு உரியது. நம் ஊர் லேபுகள் பலவற்றில் ரிப்போர்ட்டில் வருவது முழு யூரியா. யூரியாவை எடுத்து 2.8 ஆல் வகுப்பதுதான் வார்டில் அடிக்கடி நடக்கும் தவறு. யூரியா 120 இருக்கும் நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். 6 ஆல் வகுத்தால் 20, 2.8 ஆல் வகுத்தால் 43. கணக்கிட்ட எண் 23 கூடிப்போகும். உண்மையில் 30 இருக்கும் இடைவெளி 7 என்று தெரியும். ஒரு விஷம் அந்த வகுத்தலுக்குள் மறைந்துபோகும். ரிப்போர்ட்டில் 'யூரியா' என்றிருக்கிறதா, 'பி.யு.என்.' என்றிருக்கிறதா என்று பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

சோடியம் குறைந்த நோயாளி

"டாக்டர், அம்மாவுக்கு உப்பு குறைஞ்சுபோச்சாம். சாப்பாட்டுல உப்பு கூட்டிக் குடுக்கட்டுமா?" வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்பார்கள். பெரும்பாலோருக்கு உடம்பில் உப்பு குறைந்ததைவிட நீர் கூடியதே காரணம். அதை உறுதிசெய்ய மூன்று படிகள் இருக்கின்றன.

*முதல் படி: சீரம் ஆஸ்மோலாலிட்டி.* 275-க்குக் கீழே என்றால் உண்மையான நீர்மிகை. அடுத்த படிக்குப் போகலாம்.

275 முதல் 295 வரை என்றால் சோடியம் எண்ணையே சந்தேகியுங்கள். சீரத்தில் 93 சதவீதம் நீர். டிரைகிளிசரைடு மிக அதிகமானாலோ மயிலோமாவில் புரதம் பெருகினாலோ நீரின் பங்கு குறையும். சாம்பிளை நீர்க்கவைத்து அளக்கும் பெரிய கருவிகள் அப்போது சோடியத்தைக் குறைவாகக் காட்டும். சீரம் பால் போல இருந்ததா என்று லேபில் கேளுங்கள். இரத்த வாயுக் கருவி சாம்பிளை நீர்க்கவைப்பதில்லை. அதில் சோடியத்தை ஒருமுறை பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

295-க்கு மேல் என்றால் வேறேதோ ஒரு பொருள் செல்லிலிருந்து நீரை வெளியே இழுத்திருக்கிறது. பெரும்பாலும் சர்க்கரை, சில சமயம் மானிட்டால். சர்க்கரை 100-க்கு மேல் ஒவ்வொரு 100 கூடும்போதும் சோடியம் சுமார் 1.6 குறையும், மிக உயர்ந்த சர்க்கரையில் 2.4 வரை குறையும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர், சோடியம் 118, சர்க்கரை 90, யூரியா 240. மொத்தம் 236 + 5 + 40 = 281. 'இயல்பு' என்று விட்டுவிடத் தோன்றும். யூரியாவைக் கழித்தால் செயல்படும் ஆஸ்மோலாலிட்டி 241. மூளைக்குத் தெரிவது இந்த 241 தான். குடித்துவிட்டு வந்தவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

*இரண்டாம் படி: சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி.* இது நீரைத் தக்கவைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஏடிஹெச் ஹார்மோனின் வாக்குமூலம். 1947-இல் எர்னஸ்ட் வெர்னி நாய்களின் கழுத்துத் தமனியில் அடர்ந்த உப்புநீரைச் செலுத்தியபோது சிறுநீர் ஓட்டம் குறைந்ததைக் காட்டினார். இரத்தத்தின் அடர்த்தியை உணரும் செல்கள் மூளையில் உண்டு என்பது அப்போது தெளிவானது. இரத்தம் 280-ஐத் தாண்டும்போது ஏடிஹெச் கூடத் தொடங்கும்; இன்னும் சற்று ஏறினால் தாகம் எடுக்கும். இரத்தம் நீர்த்திருக்கும்போது ஏடிஹெச் அடங்கி, சிறுநீர் 100-க்குக் கீழே இறங்கியாக வேண்டும்.

இறங்கியிருக்கிறது என்றால் சிறுநீரகம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மனநோயால் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பவர், சாப்பாடே இல்லாமல் டீயிலும் பீரிலும் காலம் தள்ளுபவர் இந்த வகை. 100-க்கு மேல் என்றால் அடங்கியிருக்க வேண்டிய ஏடிஹெச் அடங்கவில்லை.

*மூன்றாம் படி: சிறுநீர் சோடியம்.* 30-க்குக் கீழே என்றால் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் போதவில்லை: வயிற்றுப்போக்கு, வாந்தி, இதயச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம். 30-க்கு மேல் என்றால் நீர்ப்பெருக்கி மாத்திரை, அட்ரீனல் குறைபாடு, எஸ்.ஐ.ஏ.டி.ஹெச். (ஏடிஹெச் தேவையில்லாமல் சுரக்கும் நிலை) இவற்றைப் பாருங்கள். பி.பி.க்குத் தயசைடு மாத்திரை சாப்பிடும் வயதான பெண்மணி நம் வார்டுகளில் தினம் வருபவர். மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்காமல் அடுத்த பரிசோதனைக்குப் போகாதீர்கள். எஸ்.ஐ.ஏ.டி.ஹெச். என்று எழுதும் முன் கார்ட்டிசாலும் தைராய்டும் பார்த்தாக வேண்டும்.

வில்லியம் ஷ்வார்ட்ஸ், ஃபிரெடெரிக் பார்ட்டர் குழுவினர் 1957-இல் எஸ்.ஐ.ஏ.டி.ஹெச். நிலையை முதலில் விவரித்தது நுரையீரல் புற்றுநோய் கொண்ட இருவரிடம். நிமோனியா, காசநோய், மூளைக்காய்ச்சல், கார்பமசெபின், மனச்சோர்வு மாத்திரைகள் ஆகியவையும் இதைக் கொண்டுவரும்.

இப்போது அந்த ஆசிரியரின் கணக்குக்கு வருவோம். சோடியம் 118, சீரம் ஆஸ்மோலாலிட்டி 246, சிறுநீர் 600, சிறுநீர் சோடியம் 80. ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 308 மில்லி ஆஸ்மோல் இருக்கிறது. ஏடிஹெச் அடங்காததால் அவருடைய சிறுநீரகம் லிட்டருக்கு 600 என்ற அடர்த்தியிலேயே வெளியேற்றும். அந்த 308-ஐ வெளியேற்ற அதற்குச் சுமார் 510 மில்லி நீர் போதும். உப்பு முழுவதும் சிறுநீரில் போய்விட்டது. மீதி 490 மில்லி வெறும் நீர் உடம்பில் தங்கிவிட்டது. இரண்டு பாட்டிலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். உப்பு ஏற்றுகிறேன் என்று நினைத்து நான் அவருக்கு ஏற்றியது தண்ணீர்.

இதிலிருந்து வரும் விதி எளியது. சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி 300-ஐ நன்றாகத் தாண்டி, சிறுநீர் சோடியமும் உயர்ந்திருந்தால் நார்மல் சலைன் நிலையைக் கெடுக்கும். நீரைக் கட்டுப்படுத்துங்கள். வலிப்போ ஆழ்ந்த மயக்கமோ இருந்தால் 3 சதவீத சலைன் 100 முதல் 150 மில்லி வேகமாகக் கொடுத்து, சோடியத்தை 4 முதல் 6 வரை ஏற்றி மூளையைக் காப்பாற்றுங்கள்.

யூரின் பேகைப் பாருங்கள்

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. 70 வயதுப் பாட்டி. மூன்று நாள் வயிற்றுப்போக்கு, கூடவே தயசைடு. சோடியம் 112, சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி 480, சிறுநீர் சோடியம் 12. இவருக்கு நார்மல் சலைன் தேவை. ஆனால் இரத்த ஓட்டம் சரியான அந்த நிமிடத்திலேயே ஏடிஹெச் சட்டென்று நின்றுவிடும். மணிக்கு 30 மில்லி வந்துகொண்டிருந்த சிறுநீர் 300 ஆகும். மஞ்சளாக இருந்தது தெளிந்த தண்ணீராகும். அப்போது அளந்தால் ஆஸ்மோலாலிட்டி 80. நீர் வேகமாக வெளியேற, சோடியம் நாம் நினைத்ததைவிடப் பல மடங்கு விரைவாக ஏறும்.

24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறவிடாதீர்கள். குறிப்பாகக் குடிப்பழக்கம், சத்துக்குறைவு, பொட்டாசியம் குறைவு, கல்லீரல் நோய் உள்ளவர்களிடம் கவனம் தேவை. மூளைத்தண்டின் நரம்புறை சிதைந்து, தெளிந்து எழுந்த நோயாளி சில நாள் கழித்துப் பேச்சும் விழுங்குதலும் இழந்து படுப்பது இந்த அவசரத்தால் வருவது. சோடியம் ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம் ஆகலாம். யூரின் பேக் உடனே சொல்லும். "மணிக்கு 100 மில்லியைத் தாண்டினால் என்னைக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்று சொல்லி, அதையே கேஸ் ஷீட்டிலும் எழுதுங்கள். அழைப்பு வந்தால் சிறுநீர் ஆஸ்மோலாலிட்டியையும் சோடியத்தையும் உடனே திரும்பப் பாருங்கள். தேவைப்பட்டால் மூத்தவரைக் கலந்து டெஸ்மோப்ரெசினும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் கொடுத்து வேகத்தைக் கட்டுங்கள்.

விஷச்சாராயமும் ஆஸ்மோலால் இடைவெளியும்

2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். இரண்டிலும் கொன்றது மெத்தனால். அந்த இரவுகளில் ஒரே நேரத்தில் பலர் அவசரப் பிரிவுக்கு வருவார்கள். யாருக்கு முதலில் டயாலிசிஸ் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். மெத்தனால் அளவை நேரடியாக அளக்கும் வசதி பெரும்பாலான இடங்களில் கைக்கெட்டாது. அங்கே ஆஸ்மோமீட்டர் உயிர் காக்கும்.

அளந்த எண்ணிலிருந்து கணக்கிட்ட எண்ணைக் கழித்தால் வருவது ஆஸ்மோலால் இடைவெளி. 10-க்கு மேல் சந்தேகம். 25-க்கு மேல் பலத்த சந்தேகம்.

34 வயதுக் கட்டடத் தொழிலாளி. வாந்தி, மூச்சிரைப்பு, கண் முன்னே புகை மூட்டம் போலத் தெரிகிறது என்கிறார். சோடியம் 138, சர்க்கரை 108, யூரியா 30. கணக்கு: 276 + 6 + 5 = 287. கருவி காட்டியது 342. இடைவெளி 55. மெத்தனாலின் மூலக்கூறு எடை 32. எனவே ஒவ்வொரு மில்லி ஆஸ்மோலும் டெசிலிட்டருக்கு 3.2 மி.கி. மெத்தனாலுக்குச் சமம். 55 முழுவதும் மெத்தனால் என்றால் சுமார் 176 மி.கி. சிகிச்சை தொடங்கும் எல்லை 20. இரத்தத்தில் சாதாரண எத்தனாலும் இருந்தால் அதை 4.6 ஆல் வகுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பக்கத்துப் படுக்கை. அதே சாராயத்தைக் குடித்து ஒன்றரை நாள் கழித்து வந்தவர். பார்வை போய்விட்டது. இடைவெளி 8. இவர் தப்பித்துவிட்டாரா? இல்லை. முதலாமவரைவிட இவர் நிலை மோசம். மெத்தனால் முழுவதும் ஃபார்மிக் அமிலமாக மாறிவிட்டது. அமிலம் சேரச் சேர இரத்தத்தின் பைகார்பனேட் செலவாகிறது. அமிலத்தின் எதிர்மின் அயனிக்கு ஈடான சோடியம் ஏற்கெனவே நம் கணக்கில் இருக்கிறது. எனவே ஆஸ்மோலால் இடைவெளி சுருங்கும். ஆனயன் இடைவெளி (சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது) விரியும். இவருடைய ஆனயன் இடைவெளி 32, பி.ஹெச். 6.9.

இரண்டையும் ஒரு தராசின் இரு தட்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள்:

- குடித்த சில மணி நேரத்தில்: ஆஸ்மோலால் இடைவெளி உயர்வு, ஆனயன் இடைவெளி இயல்பு. நோயாளி வெறும் போதையில் இருப்பவர் போலத் தெரிவார். எத்தனாலும் சேர்த்துக் குடித்திருந்தால் இந்தக் கட்டம் நீளும். வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாதவர் இவர்தான்.
- நடுவில்: இரண்டும் உயர்வு.
- கடைசியில்: ஆஸ்மோலால் இடைவெளி இயல்பு, ஆனயன் இடைவெளி மிக உயர்வு. கண்ணும் மூளையும் பாதிக்கப்பட்ட நேரம்.

இன்னொன்று. இயல்பான மனிதரிடமே இந்த இடைவெளி மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை இருக்கலாம். சோடியத்தில் 2 பிசகினால் கணக்கில் 4 பிசகும். ஆகவே 10 என்ற 'இயல்பு' எண்ணுக்குள் 32 மி.கி. மெத்தனால் ஒளிந்திருக்க முடியும். அது சிகிச்சை எல்லையைத் தாண்டிய அளவு. உயர்ந்த இடைவெளி நோயை உறுதிசெய்ய உதவும். இயல்பான இடைவெளி யாரையும் விடுவிக்காது. குடித்த வரலாறும் பார்வைக் குறைவும் அமிலமிகையும் சேர்ந்திருந்தால் எண்ணுக்குக் காத்திருக்காமல் ஃபோமெபிசோல் அல்லது எத்தனால் தொடங்கி, டயாலிசிஸ் பிரிவை அழையுங்கள். எத்தனால் தொடங்குமுன் சாம்பிளை எடுத்துவிடுங்கள்; பிறகு எடுத்தால் நாம் கொடுத்ததும் இடைவெளியில் சேர்ந்துவிடும்.

எத்திலீன் கிளைக்கால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மானிட்டால், லோரசெபாம் ஊசியில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கால் ஆகியவையும் இடைவெளியை உயர்த்தும். கீட்டோ அமிலமிகை, லாக்டிக் அமிலமிகை, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றிலும் ஓரளவு உயரும்.

சர்க்கரை மிகுந்து மயங்கியவர்

சர்க்கரை 700 என்றதும் மயக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நின்றுவிடுகிறோம். இருவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர்: சர்க்கரை 720, சோடியம் 148. செயல்படும் ஆஸ்மோலாலிட்டி 296 + 40 = 336. ஆழ்ந்த மயக்கத்துக்கு இது போதுமான காரணம். இரண்டாமவர்: சர்க்கரை 640, சோடியம் 128. 256 + 36 = 292. சர்க்கரை ஏறக்குறைய அதேதான். ஆனால் மூளைச் செல்களில் நீர் இழப்பு இல்லை. இவருடைய மயக்கத்துக்குச் சர்க்கரை பொறுப்பில்லை. பக்கவாதம், மூளைக்காய்ச்சல், இரத்தத்தில் தொற்று என்று தேடுங்கள். 320-ஐ எட்டாத ஆஸ்மோலாலிட்டியோடு நினைவிழந்து கிடப்பவருக்கு இன்னொரு நோய் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சையின்போது சர்க்கரை இறங்க இறங்க சோடியம் ஏறும். அதைக் கண்டு பதறி திரவத்தை மாற்ற வேண்டாம். ஆஸ்மோலாலிட்டி மணிக்கு 3 முதல் 8 வரை இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் பாதை சரி.

அடங்காத சிறுநீர்

ஒரு நாளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் சிறுநீர் போனால் அதன் ஆஸ்மோலாலிட்டியை முதலில் அளந்து பாருங்கள். 300-க்கு மேல் என்றால் சர்க்கரை, யூரியா, மானிட்டால் போன்ற கரைபொருள் நீரை இழுத்துச் செல்கிறது. 300-க்குக் கீழே என்றால் போவது வெறும் நீர்: அதிகமாகக் குடிக்கிறார் அல்லது ஏடிஹெச் இல்லை அல்லது இருந்தும் சிறுநீரகம் கேட்கவில்லை.

சோடியம் ஏற்கெனவே 145-ஐத் தாண்டி, சிறுநீர் 300-க்குக் கீழே இருந்தால் நோய் தெரிந்துவிட்டது. அவரை நீர் மறுப்புச் சோதனைக்கு உட்படுத்துவது ஆபத்து. டெஸ்மோப்ரெசின் கொடுத்துப் பாருங்கள். சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி 50 சதவீதத்துக்கு மேல் ஏறினால் குறை பிட்யூட்டரியில், ஏறாவிட்டால் சிறுநீரகத்தில். அப்போது லித்தியம், கால்சியம் உயர்வு, பொட்டாசியம் குறைவு மூன்றையும் பாருங்கள்.

சோடியம் இயல்பாக இருப்பவருக்கே நீர் மறுப்புச் சோதனை. அதையும் பகலில், கண்காணிப்பில், மணிக்கொரு முறை எடை பார்த்துச் செய்யுங்கள். சிறுநீர் 800-ஐ நெருங்கினால் ஏடிஹெச் நலம். எடை 3 சதவீதம் குறைந்தாலோ சோடியம் 145-ஐத் தாண்டினாலோ மறுப்பை நிறுத்துங்கள்.

ஏடிஹெச் இல்லாத, அல்லது இருந்தும் சிறுநீரகம் கேட்காத இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய பெயரில் 'டயபடிஸ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்ததால், சர்க்கரை நோயாளி என்று நினைத்து டெஸ்மோப்ரெசினை நிறுத்திய விபரீதங்கள் நடந்தன. 2022-இல் உலக அளவில் பெயரை மாற்றி, ஏ.வி.பி. குறைபாடு, ஏ.வி.பி. எதிர்ப்பு என்றார்கள் (ஏ.வி.பி. என்பது ஏடிஹெச்சின் இன்னொரு பெயர்). கேஸ் ஷீட்டில் புதிய பெயரையே எழுதுங்கள்.

சுருக்கமாக இன்னும் இரண்டு இடங்கள்

*மானிட்டால்:* தலைக்காயத்துக்கு மானிட்டால் போகும்போது சூத்திரம் உதவாது. அதில் மானிட்டாலுக்கு இடமில்லை. அளந்தே ஆக வேண்டும். அடுத்த டோஸுக்குச் சற்று முன் சாம்பிள் எடுங்கள். 320-ஐத் தாண்டினாலோ ஆஸ்மோலால் இடைவெளி 20-ஐத் தாண்டினாலோ அந்த டோஸை நிறுத்திவைத்து யோசியுங்கள். சிறுநீரகம் அடிபடுவது இந்தக் கட்டத்தில்தான்.

*நீடித்த வயிற்றுப்போக்கு:* மலத்தின் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, இரட்டித்து, 290-இலிருந்து கழியுங்கள். 50-க்குக் கீழே என்றால் குடல் சுரந்து தள்ளுகிறது. 100-க்கு மேல் என்றால் செரிக்காத பொருள் நீரை இழுக்கிறது. அளந்த மல ஆஸ்மோலாலிட்டியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்; டப்பாவில் கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கவைத்து எண்ணை ஏற்றிவிடும்.

கருவி இல்லாத மருத்துவமனையில்

தாலுகா மருத்துவமனையில் ஆஸ்மோமீட்டர் இருக்காது. சோடியம், பொட்டாசியம் பார்க்கும் கருவி இருந்தால் பாதி வழி கடந்துவிடலாம். சிறுநீர் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டுங்கள். அந்தத் தொகை இரத்த சோடியத்தைவிட அதிகம் என்றால் சிறுநீரகம் உப்பைத் தள்ளி நீரைத் தக்கவைக்கிறது. நீர்க் கட்டுப்பாடு மட்டும் போதாது, நார்மல் சலைனும் கெடுதல் செய்யும். தொகை இரத்த சோடியத்தில் பாதிக்கும் கீழே என்றால் நாளுக்கு ஒரு லிட்டர் என்ற நீர்க் கட்டுப்பாடே பலன் தரும். சிறுநீரின் ஒப்படர்த்தி 1.010 என்றால் ஆஸ்மோலாலிட்டி சுமார் 300 என்று கொள்ளலாம்; சர்க்கரையோ புரதமோ ஸ்கேனுக்குக் கொடுத்த சாயமோ சிறுநீரில் இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

சாம்பிளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதாக இருந்தாலும் இங்கேயே, இப்போதே எடுத்து, நேரத்தை எழுதி, மூடி அனுப்புங்கள். ஆம்புலன்ஸில் ஒரு பாட்டில் ஓடிய பிறகு அங்கே எடுக்கும் சாம்பிள் இந்த நிமிடத்தின் உண்மையைச் சொல்லாது.

அந்த ஆசிரியருக்குப் பிறகு நீரைக் கட்டுப்படுத்தி, 3 சதவீத சலைன் கொடுத்து, சோடியம் மெல்ல ஏறியது. மூன்றாம் நாள் மகளை அவள் பெயர் சொல்லியே அழைத்தார். ஆனால் நான் வீணாக்கிய அந்த ஓர் இரவு முழுக்க அவள் தூங்காமல் கட்டிலருகே நின்றிருந்தாள்.

இன்றிரவு உங்கள் வார்டுக்கும் அப்படி ஒருவர் வருவார். சிஸ்டர் பாட்டிலை மாட்டக் கையை உயர்த்தும்போது ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு ட்யூபில் இரத்தம், ஒரு டப்பாவில் சிறுநீர், இரண்டின் மேலும் நேரம். பிறகு பாட்டிலை மாட்டுங்கள்.